மெல்லுண்ணியின் வாழ்வும் ஊணும்

பசுவின் மடியில் ஒட்டிக் கிடந்தும் பாலை நாடாது குருதியையே நாடும் உண்ணியைக் கீழ்மக்களுக்கு உவமை கூறுதல் நம் நாட்டில் நெடுநாளாக வழங்கி வருவது. இவ்வுவமையில் வரும் உண்ணி நாம் யாவரும் கண்டறிந்ததே. மாட்டின் மடியிலும் நாயின் காதோரத்திலும் ஆமணக்கு வித்தைப் போலப் பருத்துத் தொங்குவது அது. ஆமணக்குக்கு வழங்கும் ‘ரிசினஸ்’ என்னும் இலத்தீன் பெயர் உண்ணிக்கும் உரியதாதலை நோக்கின், மேனாட்டு முன்னோரும் இவ்விரண்டின் ஒப்புமையைக் கண்டு வியந்தனர் என்பது புலனாம்.

ஆயின், இவ்வுண்ணிக்கு உறவாகிய வேறொரு குடும்பம் உண்டு. அக்குடும்பத்தைச் சார்ந்தவற்றை விலங்கின் மேனியில் தேடிக் காண்டல் அரிது. உடலைத் தமக்கு உறையுளாகக் கொள்ளாது, அவ்வுடல் தங்கும் இடத்தையே உறையுளாகக் கொண்டு வாழ்வன அவை. அவற்றை மெல்லுண்ணிகள் என்பர். இவ்வொரு வேறுபாட்டினின்றே அவற்றின் உருவமும், ஊணும், இனப்பெருக்கமும், அவற்றால் விளையும் நோயும், அந்நோயைத் தடுக்கும் நெறியும் ஆகிய யாவும் தோன்றுகின்றன. இதனை இக்கட்டுரையில் ஒருவாறு விளக்க முயல்வாம்.

இனமும் உருவமும்

உண்ணிகள் பூச்சியினத்தைச் சார்ந்தன அல்ல. பூச்சிக்குக் கால்கள் 6. வளர்ச்சியுற்ற உண்ணிக்கோ 8. ஆதலின் விலங்கு நூலார் அவற்றைச் சிலந்தி, தேள் முதலியவற்றோடு ஒரு வகுப்பில் அடக்குவர். இதுகாறும் அறியப்பட்ட உண்ணி இனங்கள் ஏறக்குறைய 900 ஆகும். அவற்றுள் 700க்கு மேற்பட்டவை வல்லுண்ணிகள். 200க்கு மேற்பட்டவை மெல்லுண்ணிகள். இவ்விரண்டிலும் சேராது தனித்து நிற்கும் இனம் ஒன்று ஆப்பிரிக்காவில் உண்டு. அதனை ஈண்டு விடுத்தாம்.

வல்லுண்ணியின் முதுகில் கேடயம் போன்ற கடினமான தகடு ஒன்று உண்டு. மெல்லுண்ணிக்கு அது இல்லை. அதன் மேனி முழுவதும் சுருக்கங்களும் நுண்ணிய மணிகளும் நிறைந்த தோலாற் போர்த்தப்பட்டிருக்கும். பசித்த மெல்லுண்ணியைப் பார்ப்பின், காய்ந்து சுருங்கிய திராட்சையை விரலால் நசுக்கித் தட்டையாக்கி வைத்தாற் போலத் தோன்றும். வல்லுண்ணியின் வாயுறுப்புக்கள் உடலின் முன்னே நீண்டு வெளிப்படத் தெரியும். வளர்ந்த மெல்லுண்ணியின் வாயுறுப்புக்களோ உடலின் அடியில் மறைந்து கிடத்தலின், மேலிருந்து நோக்குவார்க்குப் புலப்படா.

இத்தோற் சுருக்கங்கள் வீணான அமைப்பல்ல. வல்லுண்ணி பல நாள் ஓரிடத்தில் ஒட்டியிருந்து உண்பது. ஆதலின் உண்ணும்போதே புதுத்தோலை வளர்த்துக்கொள்ள அதற்குக் காலம் உண்டு. மெல்லுண்ணிக்கு அத்தகைய அவகாசம் இல்லை. சில நிமிஷங்களிற் பெருக வேண்டிய உடலுக்கு வேண்டிய தோல் முன்னரே மடித்து வைக்கப்பட்டிருத்தல் வேண்டும். மடித்த விசிறி விரிவது போல, குருதி புகப்புகச் சுருக்கங்கள் விரிந்து, தட்டையாக இருந்த உடல் நாவற்கனி போல உருண்டு விடுகின்றது.

உறையுளும் காத்திருத்தலும்

மெல்லுண்ணிகளின் உறைவிடங்கள் பலவாயினும் அவற்றின் இயல்பு ஒன்றே. நம் நாட்டிலும் பிற வெப்ப நாடுகளிலும் கோழிகளைப் பற்றும் ‘அர்காஸ் பெர்சிகஸ்’ என்னும் கோழி உண்ணி, கூட்டின் பலகை இடுக்குகளிலும் சுவர் வெடிப்புக்களிலும் பகலெல்லாம் பதுங்கிக் கிடக்கும். ஆப்பிரிக்காவின் கிழக்குப் பகுதிகளிலும் நடுப்பகுதிகளிலும் மக்கள் வாழும் மண்குடிசைகளின் தரைப் பிளவுகளில் ‘ஆர்னித்தோடோரஸ் மௌபாட்டா’ என்பது உறையும். அதன் இனமாகிய மற்றொன்று, வறண்ட நிலங்களில் ஆடுமாடுகளும் ஒட்டகங்களும் இளைப்பாறும் மரநிழலின் மணலிற் புதைந்து கிடக்கும். இன்னும் சில, வௌவால் வாழும் குகைகளிலும், பறவைக் கூடுகளிலும், எலி வளைகளிலும், காட்டுப்பன்றி போன்ற விலங்குகளின் குழிகளிலும் வாழ்வன. உணவு தேடி அலையாது, உணவு தானே வந்து படுக்கும் இடத்தில் குடியிருத்தலே இவை யாவற்றின் வாழ்க்கை நெறி எனலாம்.

பெரும்பாலான மெல்லுண்ணிகட்குக் கண்கள் இல்லை. எனினும் அவை இரையின் வரவை அறியாதிருப்பதில்லை. அவற்றின் முதற் காலிணையின் நுனியில் நுண்ணிய குழியொன்று உண்டு. அதனை முதன்முதல் ஆராய்ந்த ஹாலர் என்பார் பெயரால் ஹாலர் உறுப்பு என வழங்குவர். விலங்குகள் விடும் மூச்சில் உள்ள கரியமிலவாயுவையும், உடலின் மணத்தையும் வெம்மையையும் உண்ணி இதனால் உணர்கின்றது. மணலில் வாழும் உண்ணிகளைப் பிடிக்க விரும்பும் ஆராய்ச்சியாளர் கரியமிலவாயுவைக் கசியவிடும் பொறியொன்றை நிலத்தில் வைப்பின், புதைந்து கிடந்தவை மேலெழுந்து அதனை நோக்கி ஊர்ந்து வருதலைக் காண்பர்.

மெல்லுண்ணிகள் கூட்டங் கூட்டமாகப் பதுங்குதற்கும் ஒரு காரணம் உண்டு. அவற்றின் கழிவுப்பொருள் ‘குவானின்’ என்னும் வெண்மையான பொருள். அதனை உணர்ந்த மற்ற உண்ணிகள் அவ்விடத்தே தங்கி விடுகின்றன. ஆகவே ஒரு வெடிப்பில் ஒன்று காணப்படின், அதன் சுற்றத்தாரும் அருகில் இருப்பர் என்று துணியலாம்.

ஊண் கொள்ளும் முறை

வல்லுண்ணியை, அழையாது வந்து பல நாள் தங்கும் விருந்தினனுக்கு ஒப்பிடலாம். மெல்லுண்ணியோ இரவில் வந்து இரவிலேயே மறையும் கள்வனை ஒக்கும்.

மண்குடிசையில் தரைமேற் பாய் விரித்து உறங்குவார் ஒருவரை மௌபாட்டா உண்ணி அணுகுவதாகக் கொள்வோம். அது முதலில் தன் வாயில் உள்ள இரண்டு வெட்டும் கருவிகளால் தோலைக் கீறுகின்றது. பின்னர், பின்னோக்கி வளைந்த பற்கள் பொருந்திய நாக்குப் போன்ற உறுப்பைக் கீறலிற் செலுத்துகின்றது. வல்லுண்ணிகளுட் பல, பசை போன்ற ஒரு பொருளைச் சுரந்து தம் வாயைத் தோலோடு இறுகப் பிணித்துக்கொள்ளும். மெல்லுண்ணி அவ்வாறு செய்வதில்லை. விரைவில் விலகிச் செல்ல வேண்டிய கள்வனுக்குத் தாழ்ப்பாள் எதற்கு?

கீறலில் நுண்ணிய குருதி நாளங்கள் அறுபட்டு, தோலின்கீழ் ஒரு சிறு குருதிக் குட்டம் உண்டாகின்றது. அக்குட்டத்திலிருந்து உண்ணி உறிஞ்சுகின்றது. இடையிடையே தன் எச்சிலை அதில் விடுகின்றது. இவ்வெச்சிலின் வன்மை பெரிது. நம் உடலிற் சிறு காயம் பட்டாலும் குருதி உறைந்து வாயடைத்துக்கொள்ளுதல் இயல்பு. அவ்வாறு உறையின் உண்ணிக்கு உணவில்லை. ஆதலின் உறைதலைத் தடுக்கும் பொருள்கள் அவ்வெச்சிலில் அமைந்துள்ளன. அவற்றுள் ஒரு புரதத்தை ஆராய்ச்சியாளர் 1990-ஆம் ஆண்டு மௌபாட்டாவிலிருந்து பிரித்தெடுத்தனர். குருதி உறைதல் பல படிகளால் நிகழ்வது. அப்படிகளுள் இன்றியமையாத ஒன்றையே அப்புரதம் தடுத்து விடுகின்றது. அவ்வுண்ணியிலேயே, நம் உடலின் தற்காப்புப் படைகளுள் ஒன்றை அடக்கும் வேறொரு புரதமும் கண்டறியப்பட்டு, அதனை மருந்தாகப் பயன்படுத்தும் முயற்சிகளும் நடைபெற்றுள்ளன. கள்வனின் கருவி வைத்தியன் கைக்கு வருதல் விந்தையே.

ஏறக்குறைய அரைமணி நேரத்திற்குள் மெல்லுண்ணி வயிறார உண்டு விடும். உண்ணுமுன் இருந்த நிறையைப் போல 5 முதல் 10 மடங்கு நிறை அதற்கு உண்டாகும். வல்லுண்ணிப் பெண் 100 மடங்குக்கு மேலும் பருக்குமாதலின், இஃது அத்துணைப் பெரிதன்று எனத் தோன்றலாம். ஆயினும் இத்துணைச் சுமையோடு விரைந்து ஓடுதல் எளிதன்று. குருதியிற் பெரும்பகுதி நீரே. அந்நீரைச் சுமந்து செல்வதால் ஒரு பயனும் இல்லை. ஆதலின் முதற் காலிணைக்கும் இரண்டாங் காலிணைக்கும் இடையே திறக்கும் இரு சுரப்பிகளின் வழியாக, மிகுதியான நீரையும் உப்பையும் தெளிந்த துளிகளாக அது வெளியே விடுகின்றது. மௌபாட்டா உண்ணும்போதே இத்துளிகள் வடிந்து கடிவாயைச் சுற்றியுள்ள தோலை நனைக்கும். இச்சிறு செய்தியைப் படிப்பவர் நினைவில் இருத்துவாராக. நோயைப் பற்றிக் கூறுமிடத்து இது மீண்டும் வரும்.

உண்டு முடிந்ததும் உண்ணி தன் வெடிப்புக்குத் திரும்பி விடுகின்றது. கடியுண்டவர் பெரும்பாலும் விழிப்பதில்லை. விடிந்தபின் தம்மைக் கடித்தது யாது என்பதையும் அறியார்.

இவ்விதிக்கு விலக்கும் உண்டு. கோழி உண்ணியின் குஞ்சு, தாயைப் போல விரைவில் உண்பதில்லை. கோழியின் இறகின்கீழ் 5 முதல் 10 நாள் வரை ஒட்டிக்கிடந்தே உண்ணும். மௌபாட்டாவின் குஞ்சோ உணவே கொள்ளாது அடுத்த நிலைக்கு வளர்ந்து விடும்.

வளர்ச்சியும் இனப்பெருக்கமும்

முட்டையினின்று வெளிவரும் குஞ்சுக்குக் கால்கள் 6. அது தோலுரித்து 8 கால்களை உடைய இளவுண்ணி ஆகின்றது. வல்லுண்ணிக்கு இளநிலை ஒன்றே. மெல்லுண்ணியோ பல இளநிலைகளைக் கடந்தே முழுவளர்ச்சி எய்தும். ஒவ்வொரு நிலையிலும் ஒரு முறை உண்டு, உண்டபின் ஒரு முறை தோலுரிக்கும்.

முட்டையிடுதலிலும் இவ்விரு குடும்பங்களும் வேறுபடுகின்றன. வல்லுண்ணிப் பெண் ஒரே முறை பெருக உண்டு, ஆயிரக்கணக்கான முட்டைகளை ஒருங்கே இட்டு மடிந்து விடும். மெல்லுண்ணிப் பெண் உண்ணுந்தோறும் சில நூறோ அதனினும் குறைவாகவோ முட்டைகளை இட்டு, மீண்டும் பசித்திருந்து, மீண்டும் உண்டு, மீண்டும் இடும். முன்னது தன் செல்வம் முழுவதையும் ஒரே நாளிற் செலவிடுவது. பின்னது சிறிது சிறிதாகச் செலவிட்டு நெடுநாள் வாழ்வது.

பட்டினியின் ஆற்றல்

இடத்தைப் பற்றி வாழும் உயிர்க்கு நேரும் பெரிய இடுக்கண் யாது? அவ்விடத்துக்கு உரியவர் அதனை விட்டுப் போய்விடுதலே. குடிசை பாழாகலாம், பறவை கூட்டைக் கைவிடலாம், வளையில் வாழ்ந்த எலிகள் மடியலாம். அப்போதும் மெல்லுண்ணி அவ்விடத்தை விட்டு அகல்வதில்லை, காத்திருக்கின்றது.

அதன் குடல் பல கிளைப்பைகளாகப் பிரிந்து குருதியைச் சேமித்து வைக்கும் பண்டசாலை போன்றது. செரித்தல் குடற்சுவரின் உயிரணுக்களுக்குள்ளே மிக மெல்ல நிகழ்கின்றது. மேனியின் மேல் உள்ள மெழுகு நீர் வற்றாமற் காக்கின்றது. போதிய ஈரமுள்ள காற்றாயின், அதில் உள்ள நீராவியையே உட்கொண்டு தாகம் தீர்த்துக்கொள்ளவும் உண்ணிகளால் இயலும். குருதி ஒன்றையே உணவாகக் கொள்ளும் உயிர்க்குச் சில உயிர்ச்சத்துக்கள் குறைவுபடுதல் இயல்பு. மௌபாட்டாவின் உடலுள் வாழும் ஒருவகை நுண்ணுயிர் அச்சத்துக்களை ஆக்கித் தருகின்றது என்பதும், அந்நுண்ணுயிரை நீக்கிவிடின் உண்ணியின் வளர்ச்சி தடைப்படுகின்றது என்பதும் அண்மைக்கால ஆராய்ச்சியாற் புலப்பட்டுள்ளன.

இவ்வாற்றலின் எல்லையைக் காட்ட ஒரு சான்று போதும். அமெரிக்காவின் பிங்காம்டன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஜூலியன் ஷெப்பர்ட் என்பார், கென்யா நாட்டு அர்காஸ் இன உண்ணிகள் சிலவற்றை 1976-ஆம் ஆண்டு பெற்றுத் தம் ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பேணி வந்தார். சில ஆண்டுகள் உணவு தந்தபின் நிறுத்தினார். ஆண்கள் ஏறக்குறைய 4 ஆண்டுகளில் மடிந்தன. பெண்களோ 8 ஆண்டுகள் உணவின்றியே உயிர் வாழ்ந்தன. பின்னர் மீண்டும் உணவு தரவே, ஆண்கள் மடிந்து ஆண்டுகள் பல கழிந்திருந்தும், பெண் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கக் கண்டார். அவ்வுண்ணிகளுட் சில 27 ஆண்டுகள் வரை வாழ்ந்தன. இச்செய்தியை அவர் 2022-ஆம் ஆண்டு வெளியிட்டார்.

மீள்சுரமும் டட்டன் முடிவும்

நிற்க. இத்தகைய உயிரால் மக்களுக்கு விளையும் கேட்டை இனி நோக்குவாம்.

ஆப்பிரிக்காவிற் பயணஞ் செய்த டேவிட் லிவிங்ஸ்டன் பாதிரியார், 1857-ஆம் ஆண்டு வெளியான தம் பயண நூலில், ‘டாம்பன்’ என மக்கள் அழைத்த உண்ணியைப் பற்றி எழுதியுள்ளார். அதன் கடியால் வலியும் தினவும் கலந்த உணர்ச்சி தோன்றுவதையும், அதன்பின் வாந்தியோ சுரமோ தொடர்வதையும் அவர் குறித்தார். ஆயினும் அச்சுரத்தின் காரணம் அந்நாளில் எவர்க்கும் தெரிந்திலது.

மீள்சுரம் என்பது சில நாள் கடுமையாகக் காய்ந்து, திடீரென விட்டு, ஏறக்குறைய ஒரு வாரங் கழித்து மீண்டும் வருவது. நோயாளி பிழைத்தேன் என்று எழுந்திருக்கும் வேளையில் அது திரும்பி வந்து வீழ்த்தும். இதற்குக் காரணம் திருகுசுருள் வடிவுள்ள நுண்ணுயிர். பேனால் பரவும் மீள்சுரத்தில் இந்நுண்ணுயிரை ஒபர்மேயர் என்னும் ஜெர்மானிய வைத்தியர் கண்டு 1873-இல் வெளியிட்டிருந்தார். 1904-இல் உகாண்டாவில் ராஸ், மில்ன் என்னும் இருவர், உண்ணிக் கடியால் வரும் சுரத்திலும் இத்தகைய நுண்ணுயிர் உண்டெனக் கண்டனர். இவ்விருவருள் ராஸ் என்பார், மலேரியா ஆராய்ச்சியாற் புகழ்பெற்ற ரொனால்ட் ராஸ் அல்லர்.

அக்காலத்தில் லிவர்ப்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியினின்று ஜோசப் எவரெட் டட்டன், ஜான் லான்ஸ்லட் டாட் என்னும் இருவர் காங்கோ நாட்டில் நோய் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தனர். டட்டன் முன்னரே உறக்கநோயின் நுண்ணுயிரைக் காம்பியா நாட்டு நோயாளி ஒருவரின் குருதியிற் கண்டு விளக்கிப் பெயர் பெற்றவர். இவ்விருவரும் மௌபாட்டா உண்ணிகளைக் குரங்குகளைக் கடிக்கவிட்டு, அவற்றுக்கு நோய் வரக் கண்டனர். நோயுற்ற உண்ணியின் முட்டையிற் பிறந்த உண்ணிகளும் நோயைத் தரவல்லன என்பதையும் காட்டினர். அவ்வாராய்ச்சிக் காலத்தில் இருவரையும் அந்நோயே பற்றியது. டாட் பிழைத்தார். டட்டன் 1905-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் காங்கோ நாட்டிலேயே உயிர் நீத்தார். அந்நுண்ணுயிர்க்குப் ‘பொரீலியா டட்டோனி’ என்று அவர் பெயரையே பின்னோர் இட்டனர்.

அதே ஆண்டில் ராபர்ட் காக் என்னும் பேரறிஞர், இக்காலத்துத் தான்சானியாவை உள்ளிட்ட கிழக்காப்பிரிக்கப் பகுதியில் தனித்து ஆராய்ந்து, வணிகர் கூட்டம் செல்லும் வழிகளில் உள்ள தங்கிடங்கள் உண்ணிகளால் நிறைந்திருத்தலையும், அவற்றின் முட்டைகளுள்ளும் நுண்ணுயிர் புகுதலையும் கண்டார்.

நுண்ணுயிர் உண்ணியினின்று மனிதனுட் புகும் வழிகள் இரண்டு. ஒன்று எச்சில், மற்றொன்று, மேலே நினைவில் இருத்துமாறு வேண்டிய அத்தெளிந்த துளிகள். தோலை நனைக்கும் அத்துளிகளில் உள்ள நுண்ணுயிர் கடிவாயின் வழியே உட்புகும். சுரம் மீண்டும் மீண்டும் வருதலின் காரணமும் பின்னர் விளங்கிற்று. நம் உடல் நுண்ணுயிரின் மேற்போர்வையை அறிந்து அதனை அழிக்கத் தொடங்கும்போது, அவற்றுட் சில தம் போர்வையை மாற்றிக்கொண்டு தப்பி விடுகின்றன. மாறிய கூட்டம் பெருகும்போது சுரம் மீள்கின்றது. இக்காலத்தில் இதனைத் தீர்க்கும் மருந்துகள் உள்ளன. எனினும் கருவுற்ற மகளிர்க்கும் குழந்தைகட்கும் இந்நோய் இன்றும் பெருங்கேடு விளைப்பது.

ஆளொழிந்தும் நோய் ஒழியாமை

இந்நோய் மண்குடிசையில் வாழும் வறியவர்க்கே உரியது என்று எவரும் எண்ணற்க. 1973-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பெருங்கணவாயின் வடகரையில், மரக்குடில்களிற் தங்கிய விருந்தினரும் பணியாளரும் ஆகிய 62 பேருக்கு மீள்சுரம் கண்டது. அக்குடில்களில் எலியினப் பிராணிகள் கட்டிய கூடுகளிலிருந்த மெல்லுண்ணிகளே காரணம். எலிகளின் விருந்தாளிகள் மனிதர்க்கும் விருந்தாளிகளாயின.

மற்றொரு சான்று போர்ச்சுகல் நாட்டிற் கிடைக்கின்றது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்பது பன்றிகளைக் கொத்துக் கொத்தாக மாய்க்கும் நோய். ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளின் பழைய பன்றித் தொழுவங்களில் வாழும் மெல்லுண்ணி ஒன்று இந்நோயின் வைரஸைத் தாங்குவது என்று 1963-இல் கண்டறியப்பட்டது. போர்ச்சுகலில் இந்நோய் ஒழிந்தது என்று எண்ணியிருந்த காலத்தில், 1999-ஆம் ஆண்டு ஒரு பண்ணையில் மீண்டும் தோன்றியது. நோய்ப்பட்ட பன்றிகள் அகற்றப்பட்டு 5 ஆண்டுகள் கழிந்த பின்னும் தொழுவத்து உண்ணிகளில் வைரஸ் உயிரோடிருத்தலை ஆராய்ச்சியாளர் கண்டனர். பன்றிகள் போயின, தொழுவம் நின்றது, தொழுவத்தில் நோயும் நின்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படும் உண்மை ஒன்று. வல்லுண்ணியை உடலில் தேடிக் களையலாம். மெல்லுண்ணியை உடலில் தேடுவதால் பயனில்லை. அது தரும் நோய் ஆளைப் பற்றியதாகத் தோன்றினும் உண்மையில் இடத்தைப் பற்றியது. நோயாளிக்கு மருந்து கொடுத்து, அவரை மீண்டும் அதே வெடிப்புற்ற தரையிற் படுக்கச் செய்தல், ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதை ஒக்கும். வெடிப்பில்லாத தரையும், பூசப்பட்ட சுவரும், தரைக்கு மேல் உயர்ந்த கட்டிலும், எலி புகாத கூரையும் மருந்தினும் சிறந்த காவல் ஆவன.

இவ்வுண்மை நம் ஊர்க் கோழி வளர்ப்பார்க்கும் பொருந்தும். கோழிகள் சோர்ந்து வெளிறி மடியுமாயின், அவற்றின் இறகை மட்டும் ஆராய்ந்து, உண்ணி இல்லை என்று கூறி விடுதல் தகாது. இரவில் விளக்கோடு சென்று கூட்டின் பலகை இடுக்குகளையும் சுவர் வெடிப்புக்களையும் நோக்குதல் வேண்டும். கூட்டைச் சில திங்கள் வெறிதே விட்டால் உண்ணிகள் பட்டினியால் மடியும் என்று எண்ணுவார் உளர். ஆண்டுக்கணக்கில் பட்டினி கிடக்க வல்ல உயிர்க்குச் சில திங்கள் ஒரு பொருட்டன்று. இடுக்குகளை அடைத்தலும், பழுதுற்ற பலகைகளை நீக்குதலும், கோழிக்கன்றிக் கூட்டுக்கே மருந்திடுதலும் செயற்பாலன.

மெல்லுண்ணியின் வலிமை அதன் பொறுமையே. அதன் மறைவிடத்தைக் கண்டறிந்து உலகுக்கு உரைத்தவர்க்கும் பொறுமையே வலிமையாயிருந்தது. அவருள் ஒருவர் அவ்வறிவின் விலையாகத் தம் உயிரையே கொடுத்தார். விலங்கு நூல் பயிலும் நம் மாணவர், சோதனைச் சாலையில் ஒரு சிறு உண்ணியை நுண்ணோக்கியின்கீழ் வைத்துப் பார்க்கும்போது, அதன் கால்களையும் வாயையும் எண்ணி வரைவதோடு நில்லாது, அஃது எவ்விடத்தினின்று வந்தது, அவ்விடத்தில் உறங்குபவர் யாவர் என்பதையும் எண்ணிப் பார்ப்பாராக.